இரத்தத்தை ஐதாக்கும் குளிசையா?

பெரியம்மா நாலு நாளாக வார்பரின் குளிசை போடவில்லை. ஏன் என்று கேட்டால், “உடம்பு சோருது மகன், ரத்தம் தண்ணியாப் போயிட்டுது போல” என்கிறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். கையில் கொடுத்துவிட்ட தாளிலேயே ‘குருதி ஐதாக்கி’ என்றுதான் அச்சடித்திருக்கிறார்கள். இந்தச் சொல்லை எத்தனை தரம் கேட்டாயிற்று, இனிப் பொறுக்க முடியாது.

ஐது என்றால் செறிவில்லாதது. எங்கள் பள்ளிக்கூடங்களில் படித்த எவருக்கும் ஐதான அமிலம் என்றால் தண்ணீர் கலந்த அமிலம். அப்போ ஐதாக்கிய இரத்தம் என்றால் வேறு எதை நினைப்பார்கள்? வார்பரின் ஒரு சொட்டுத் தண்ணீரும் சேர்ப்பதில்லை, செங்குழியங்களைக் குறைப்பதுமில்லை. ஈரல் விற்றமின் கே உதவியோடு செய்யும் 2, 7, 9, 10ஆம் உறைதல் காரணிகளை, அதாவது இரத்தத்தை உறைய வைக்கும் புரதங்களை, ஒழுங்காக உருவாக விடாது. அதனால் இரத்தம் உறையப் பிந்தும், அவ்வளவுதான். ஆய்வுகூடத்தில் அளப்பதும் நேரத்தைத்தான். ஆர்மண்ட் குயிக் என்ற மருத்துவர் 1935இல் கொண்டுவந்த புரோத்துரொம்பின் நேரப் பரிசோதனை செக்கன்களை எண்ணுவது, கிளினிக்கில் சொல்லும் ஐ.என்.ஆர் என்ற எண் அதிலிருந்து கணக்கிடுவது. தடிப்பு, மெலிவு என்ற பேச்சே அங்கே இல்லை.

சாதாரண ஆட்களுக்கு விளங்கவேண்டும் என்பது ஐதாக்கிக்காரர்களின் நியாயம். என்ன விளங்கியது? ஆங்கிலேயர் பேச்சுவாக்கில் ‘blood thinner’ என்று சொல்வதை அப்படியே இறக்கி வைத்துவிட்டு அதைக் கலைச்சொல் என்கிறார்கள். அஸ்பிரினையும் இதற்குள்ளேயே அடைக்கிறார்கள். அது இரத்தத்தில் மிதக்கும் நுண்துணிக்கைகளான குருதிச் சிறுதட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தடுப்பது, வார்பரினின் வேலையே வேறு. அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் நோயாளியையும் ஆய்வுகூடத்தையும் ஒருசேரப் பார்த்துவந்த பேராசிரியர் ஒஸ்கார் ரட்னொஃப் 1955இல் ஒருவரைப் பற்றி எழுதினார். அந்த மனிதரின் இரத்தம் கண்ணாடிக் குழாயில் லேசில் உறையாது, ஆனால் அவருக்கு இரத்தப்போக்குத் தொல்லை எதுவும் இருந்ததில்லை. அவரிடம் குறைந்திருந்ததுதான் அவர் பெயராலேயே வழங்கிய ஹேக்மன் காரணி, இன்றைய 12ஆம் காரணி. 1968இல் அந்த நோயாளி இறந்ததோ நுரையீரல் நாடியை உறைந்த இரத்தம் அடைத்து. ஐது, செறிவு என்று சொல்லி இதை யாராவது விளக்கட்டும் பார்ப்போம்.

‘உறை’ நம்மிடமே இருக்கிற சொல். பனி உறைவதோடு குழம்பும் என்பார்கள். குழம்பாது, பால் உறைவதும் அதே சொல்தானே. உறைதலுக்கான மேல்நாட்டுச் சொல்லின் வேரான லத்தீன் கோஆகுலமும் பாலைத் திரைய வைக்கும் பொருள்தான். புறநானூறு 276இல் ஆய்மகள் ஒரு குடம் பாலில் நகத்தால் தெறிப்பது ‘சில்லுறை’, அதாவது சிறிதளவு உறை. கிண்ணியாவிலும் தம்பலகாமத்திலும் எருமைத் தயிர் உறைய வைக்கிறவர்களுக்கு இதை யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. ஆகவே உறைதடுப்பு மருந்து என்று எழுதுங்கள். முன்னால் குருதி போட்டாலும் சரி, இரத்தம் போட்டாலும் சரி.

பெரியம்மாவிடம் இதைச் சொன்னேன். “ஓ, உறை குறைஞ்சா தயிர் பிந்தும், பால் தண்ணியாகாதே” என்றார். அடுத்த நாள் காலையிலேயே கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.