கோதிக் நாவல்: பேய்க்கதையும் அல்ல, 'இருண்மை'யும் அல்ல

பழைய வீட்டையும் அதில் மறைந்து கிடக்கும் குற்றத்தையும் சுற்றி அச்சம் பின்னும் ஆங்கில நாவல் வகைக்குக் 'கோதிக் நாவல்' என்று பெயர். அதைப் 'பேய் நாவல்' என்று எழுதுகிறவர்கள் ஒரு பக்கம், 'இருண்மை நாவல்' என்று எழுதுகிறவர்கள் இன்னொரு பக்கம். முதல் தரப்போடு வாதாடி அலுத்துவிட்டது. இரண்டாம் தரப்புதான் இப்போது வளர்ந்துவருகிறது, அதுவும் நல்ல தமிழ் என்ற பெயரில்.

அண்மையில் ஒரு வாசிப்புக் கூட்டத்தில் ஐரிஷ் எழுத்தாளர் லெ ஃபானு 1864இல் எழுதிய 'அங்கிள் சைலஸ்' பேச்சுக்கு வந்தது. பதினேழு வயதைத் தாண்டிய ஒரு பெண், ஊர் சந்தேகப்படும் ஓர் உறவினர், அவருடைய வீட்டில் நடந்த பழைய சாவு என்று போகும் கதை. "பேய் வரும், வரும்னு கடைசி வரைக்கும் பார்த்தேன், வரவே இல்லை" என்றார் ஒருவர். "இருண்மை நாவல்னு சொன்னீங்க, எல்லாம் தெளிவாத்தானே இருக்கு, இதுல என்ன இருண்மை?" என்றார் இன்னொருவர். மூன்றாவதாகப் பேசிய அம்மா மட்டும், "எங்க சொந்தத்துல நடந்த சொத்துத் தகராறு மாதிரியே இருக்கு, படிக்கவே பயமா இருந்துச்சு" என்றார். எந்தச் சொல்லையும் கையில் வைத்துக்கொள்ளாமல் படித்த அவருக்குத்தான் நாவல் முழுசாகக் கிடைத்திருக்கிறது. முதல் இருவர் மேல் குற்றமில்லை. அவர்கள் கையில் கொடுக்கப்பட்ட சொல்தான் தப்பு.

சொல்லின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோத்துகள் ஜெர்மானிய இனக்குழுவினர். அவர்களில் ஒரு பிரிவினர் அலாரிக் தலைமையில் கி.பி. 410இல் ரோமைச் சூறையாடினார்கள். ஆயிரம் ஆண்டுக்கும் மேல் கழித்து, 16ஆம் நூற்றாண்டு இத்தாலியில் ஓவியரும் கலை வரலாற்றாசிரியருமான வசாரி போன்றவர்கள், தங்களுக்குப் பிடிக்காத கூர்வளைவுத் தேவாலயங்களை 'அந்தக் காட்டுமிராண்டி கோத்துகளின் வேலை' என்று ஏசினார்கள். உண்மையில் அந்தக் கட்டடங்களுக்கும் கோத்துகளுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அந்தப் பாணி 12ஆம் நூற்றாண்டில் பாரிசுக்கு அருகே சான் தெனி மடாலயத்தில் உருவானது. ஆனாலும் வசவு நிலைத்து, பெயராகிவிட்டது. சென்னை சாந்தோம் பேராலயமும் புதுச்சேரி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள இருதய ஆண்டவர் பேராலயமும் அந்தப் பாணியைப் பிற்காலத்தில் பின்பற்றிக் கட்டியவை. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் 'கோதிக்' என்றால் 'இடைக்காலத்தைச் சேர்ந்தது, பழங்காலத்தது' என்ற அளவில்தான் பொருள். ஹோரஸ் வால்போல் 1764 இறுதியில் ஒட்ரான்டோ கோட்டையைப் பற்றிய கதையை வெளியிட்டார். 1765இல் வந்த இரண்டாம் பதிப்பில் 'ஒரு கோதிக் கதை' என்று சேர்த்தார். இலக்கிய வகையின் பெயர் அங்கிருந்து வந்தது. பேய் என்ற பொருள் அந்தச் சொல்லில் எந்தக் காலத்திலும் கிடையாது.

வால்போல் கதையில் அமானுஷ்யம் உண்டே என்பார்கள். உண்டு. மணமகன் தலைமேல் ஒரு ராட்சதத் தலைக்கவசம் வந்து விழுகிறது, ஓவியத்தில் இருக்கும் பாட்டனார் இறங்கி நடக்கிறார். ஆனால் இவை எதற்காக நடக்கின்றன என்று பார்க்க வேண்டும். கோட்டையை ஆளும் மான்ஃபிரெட்டின் தாத்தா, உண்மையான உரிமையாளரை விஷம் வைத்துக் கொன்று, பொய் உயில் தயாரித்துச் சொத்தைப் பிடித்தவர். ஆவி கிளம்புவதே அந்தச் சொத்து உரியவனுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகத்தான். முன்னோர் செய்த பாவம் மூன்றாம் நான்காம் தலைமுறைப் பிள்ளைகள் மேல் விடியும் என்பதே கதையின் நீதி என்று முன்னுரையும் சொல்கிறது. ஆக, இந்த வகையின் முதல் நாவலே கள்ள உயிலில்தான் தொடங்குகிறது.

முப்பது ஆண்டு கழித்து ஆன் ராட்கிளிஃப் பேயையே வெளியேற்றிவிட்டார். 1794இல் வந்த அவருடைய உடால்ஃபோ நாவலில், கறுப்புத் திரைக்குப் பின்னால் எதையோ பார்த்து எமிலி மயங்கி விழுகிறாள். கடைசியில் அது ஒரு மெழுகு உருவம் என்று தெரிகிறது. அவளை உண்மையில் மிரட்டுவது அத்தையின் கணவர் மொன்டோனி. அவருக்கு வேண்டியது நிலத்தை எழுதிக் கொடுக்கும் கையெழுத்து. பேய் போன பிறகும் அது கோதிக் நாவலாகவே இருந்தது. பேய் அடையாளம் ஆக முடியாது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

'அங்கிள் சைலஸ்' நாவலில் இது இன்னும் துல்லியம். மாட் ருதின் தாயில்லாப் பெண், பெருஞ்சொத்துக்கு ஒரே வாரிசு. தந்தை இறக்கும்போது, மகளுக்கு வயது வரும்வரை தன் சகோதரர் சைலஸ்தான் பொறுப்பு என்று உயில் எழுதிவைக்கிறார். அதற்குள் அவள் இறந்துவிட்டால் சொத்து சைலஸுக்கு. தம் குடும்பத்தின் பேருக்கு ஒட்டிய களங்கத்தைத் துடைக்க மகளையே பணயம் வைக்கிறார் தந்தை. களங்கம் என்ன? சைலஸுக்குக் கடன் கொடுத்த சூதாடி ஒருவன், சைலஸ் வீட்டில் உள்ளே பூட்டியிருந்த அறையில் கழுத்தறுபட்டுக் கிடந்தான். உள்ளே யாரும் நுழைந்திருக்க முடியாது, எனவே தற்கொலை என்று விட்டுவிட்டார்கள். ஆவி நுழைந்ததோ என்று வாசகரை நினைக்கவைத்துவிட்டு, லெ ஃபானு கடைசியில் காட்டுவது கம்பிகளோடு சேர்ந்து திறக்கும் ஒரு ஜன்னலை. ஆள் வந்து போகும் ஜன்னல் அது. கொல்லன் செய்த கீல்தான் அந்த வீட்டின் ரகசியம்.

இங்கே தொல்காப்பியம் நமக்கு உதவுகிறது. மெய்ப்பாட்டியலில் அச்சம் எவற்றால் பிறக்கும் என்று நான்கு நிலைக்களன் சொல்லப்படுகிறது: 'அணங்கே விலங்கே கள்வர்தம் இறையெனப் பிணங்கல் சாலா அச்சம் நான்கே.' பேய்க்கதையின் அச்சம் அணங்கினால், அதாவது வருத்தும் தெய்வ சக்தியால் வருவது. துப்பறியும் கதையின் அச்சம் கள்வரால் வருவது. கோதிக் நாவலின் அச்சம் நான்காவது: தம் இறை. நம்மேல் அதிகாரம் உள்ளவர், நமக்குச் சோறு போடுபவர், நம் அறைச் சாவியைக் கையில் வைத்திருப்பவர். மாட் அஞ்ச வேண்டியது சைலஸுக்கு. அவருக்குக் கீழ்ப்படிவது அவளுடைய கடமை என்று உயிலே சொல்கிறது. ஓடிப்போகவும் வழியில்லை, எதிர்த்து நிற்கவும் வழியில்லை. கோதிக் நாவல்களில் இத்தனை முறை பதின்வயதுப் பெண்ணே நடுவில் நிற்பதற்குக் காரணமும் இதுதான். சொத்துக்கு உரியவள், ஆனால் சொல்லுக்கு மதிப்பில்லாதவள். அணங்குக்கும் இறைக்கும் இவ்வளவு தெளிவாக வேறுபாடு பார்த்த ஒரு மொழியில் இருந்துகொண்டு, எல்லாவற்றையும் 'பேய்' என்று ஒரே சாக்கில் கட்டுவது எனக்குப் பொறுக்கவில்லை.

இனி 'இருண்மை'க்கு வருவோம்.

இந்தச் சொல்லின் மேல் எனக்கு வெறுப்பு இல்லை. அழகான ஆக்கம். ஆனால் அதற்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது. புதுக்கவிதைத் திறனாய்வில் 'இருண்மை' என்றால் பொருள் எளிதில் பிடிபடாத தன்மை. கல்லூரிப் பாடத்தில் படிமம், குறியீடு, இருண்மை என்று வரிசையாகப் படித்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களிடம் 'இருண்மை நாவல்' என்றால், புரியாத நாவல் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். அந்தக் கூட்டத்தில் கேள்வி கேட்டவர் செய்ததும் அதுவே. ஒரே துறைக்குள், ஒரே சொல்லுக்கு, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு பொருளைக் கொடுப்பது கலைச்சொல்லாக்கத்தின் முதல் விதியையே மீறுவது.

சரி, அந்தப் பழைய பொருளை மறந்துவிடலாம் என்றாலும் சொல் நிற்கவில்லை. 'இருண்மை' கோதிக்கை மொழிபெயர்க்கவில்லை. ஆங்கிலப் புத்தக அட்டைகளில் கோதிக்குக்குப் பக்கத்தில் எப்போதும் ஒட்டிக்கொண்டிருக்கும் 'டார்க்' என்ற அடைமொழியை மொழிபெயர்க்கிறது. இருட்டு என்பது ஒரு சாயல். துயரக் கதையிலும் இருட்டு உண்டு, குற்றக் கதையிலும் உண்டு, போர்க் கதையிலும் உண்டு. வகைப் பெயர் என்றால் அந்த வகைக்கு மட்டும் உரியதைச் சுட்ட வேண்டும்.

'எல்லா கோதிக் நாவலிலும் இருட்டு இருக்கத்தானே செய்கிறது' என்பது இவர்களுடைய வலுவான வாதம். அதுவும் உண்மையில்லை. அமெரிக்க எழுத்தாளர் ஷெர்லி ஜாக்சன் முடித்த கடைசி நாவலை, 1962இல் வந்த 'வீ ஹேவ் ஆல்வேஸ் லிவ்ட் இன் த காசில்' என்பதை, எடுத்துக்கொள்ளுங்கள். பதினெட்டு வயது மெரிகேட் கதை சொல்கிறாள். ஆறு ஆண்டுகளுக்கு முன் அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அவள் குடும்பத்தில் நான்கு பேர் செத்தார்கள். சர்க்கரைக் கிண்ணத்தில் ஆர்சனிக். எஞ்சியவர்கள் அதே வீட்டில், அதே பாத்திரங்களைப் புழங்கிக்கொண்டு வாழ்கிறார்கள். கதையின் பெரும்பகுதி நடப்பது பளிச்சென்று துடைத்த சமையலறையிலும் காய்கறித் தோட்டத்திலும். அக்கா பழங்களைப் பதப்படுத்தி நிலவறை அலமாரியில் அடுக்கிவைக்கிறாள். வெயில் அடிக்கிறது. மெரிகேட் எவ்வளவு அன்பாகப் பேசுகிறாளோ அவ்வளவுக்கு நமக்கு வயிற்றைக் கலக்குகிறது. இதை 'இருண்மை' என்று அறிமுகப்படுத்தினால் வாசகர் தேட வேண்டியதை விட்டுவிட்டு வேறெதையோ தேடுவார்.

'டார்க்' வந்த இடமெல்லாம் 'இருண்ட' போடும் பழக்கம் இன்று பெரிய நோயாகிவிட்டது. 'இருண்ட நகைச்சுவை' என்கிறார்கள், 'இருண்ட ரகசியம்' என்கிறார்கள். தமிழில் ரகசியம் இருளுமா? ரகசியத்தை மூடி மறைப்போம், பூசி மெழுகுவோம், வாசப்படி தாண்டவிடாமல் வைத்திருப்போம். மறைத்துவைத்துச் செய்யும் வஞ்சகத்துக்குக் 'கரவு' என்று ஒற்றைச் சொல்லே இருக்கிறது. மூடி மறைத்த குடும்ப ரகசியத்தைக் குறிக்கும் ஆங்கில மரபுத்தொடரை 'அலமாரிக்குள் எலும்புக்கூடு' என்று அப்படியே எழுதி, வாசகர் கொலைச் சடலம் என்று நினைத்துக் குழம்பிய மொழிபெயர்ப்பையும் படித்திருக்கிறேன்.

இந்த வகை நாவல்களில் மொழிபெயர்ப்பாளர் சறுக்குவது பெரிய சொற்களில் அல்ல, உறவையும் சட்டத்தையும் சொல்லும் சின்னச் சொற்களில். 'கார்டியன்' என்பதைப் 'பாதுகாவலர்' என்று போடுகிறார்கள். அது சிலருக்குக் கைத்துப்பாக்கியோடு நிற்கும் காவலர், தேவாலயத் திருவிழா அழைப்பிதழில் புனிதருக்கு வழங்கும் சொல். மாட் கதையில் சைலஸ் மைனர் பெண்ணுக்குக் கார்டியன். பத்திரப் பதிவு அலுவலக வாசலில் நிற்கும் யாரைக் கேட்டாலும் 'மைனர் சொத்து', 'கார்டியன் கையெழுத்து' என்று சொன்ன அடுத்த நொடியே எங்கே ஆபத்து என்று புரிந்துகொள்வார்கள். அந்த இரண்டு சொல்லும் தமிழர் வாயில் ஊறிய சொற்கள். அவற்றை எடுத்துவிட்டுப் 'பாதுகாவலர்' வைத்தால் கதையின் கீலே கழன்றுவிடுகிறது. 'அங்கிள்' கதையும் இதேதான். இன்று அடுத்த வீட்டுக்காரரும் அங்கிள், ஆட்டோ ஓட்டுபவரும் அங்கிள். இவர் அப்பாவோடு கூடப்பிறந்தவர் என்பது தலைப்பிலேயே தெரிந்தால்தான் அடுத்த வாரிசு யார் என்ற கணக்கு வாசகர் மனத்தில் ஓடத் தொடங்கும்.

அப்படியானால் எதை எழுதுவது? கட்டடக்கலைக்குக் 'கோதிக்' என்பதே போதும். ஓர் இனத்தின் பெயரிலிருந்து வந்த சொல்லைப் பெயர்க்க வேண்டிய தேவை இல்லை. இலக்கியத்துக்கும் 'கோதிக் நாவல்' என்று எழுதுவதில் குறையொன்றும் இல்லை. 'இருண்மை' தரும் தூய்மையைவிட இந்த ஒலிபெயர்ப்பு தரும் தெளிவு மேல். தனித்தமிழ் வேண்டும் என்பவர்களில் நானும் ஒருவன். ஆனால் தவறான தமிழ்ச்சொல் தமிழுக்கு ஆதாயம் ஆகாது.

தமிழிலேயே வேண்டும் என்றால் என் பரிந்துரை 'பழிமனைப் புதினம்'. 'பழி' என்பதில் குற்றம், குற்றத்தால் வரும் கெட்ட பெயர், அதற்குத் தீர்க்கும் வஞ்சம் மூன்றும் அடங்கும். 'பழி ஓரிடம், பாவம் ஓரிடம்' என்பது நம் பழமொழி. தாத்தா செய்ததற்குப் பேத்தி அனுபவிக்கும் கதைகளுக்கு இதைவிடப் பொருந்தும் சொல் எனக்குத் தோன்றவில்லை. 'மனை' என்பதில் கட்டடமும் குடும்பமும் சேர்ந்தே வருகின்றன. மனையாள், மனையறம் என்ற வழக்குகளைப் பாருங்கள். கோதிக் நாவலிலும் வீடு என்றால் சுவரும் வம்சமும் ஒன்றாகவே பொருள்படும்.

மனை என்றால் இன்று விற்பனைக்கு வரும் காலி இடம்தானே என்று ஒரு நண்பர் மறுத்தார். தனியாக நின்றால் அப்படித்தான். 'அரண்மனை', 'மருத்துவமனை' என்று கூட்டுச்சொல்லில் வரும்போது யாரும் காலி இடத்தை நினைப்பதில்லை. 'பழிமனை'யும் அந்த வரிசையில் சேரும். இதைவிடப் பொருத்தமான சொல் யாரிடமாவது இருந்தால் சொல்லட்டும், ஏற்றுக்கொள்கிறேன். அதில் பேயும் இருட்டும் மட்டும் வேண்டாம்.