கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு 300 வாட்

எங்கள் தோட்டத்தில் மொத்தமே இரண்டு சைக்கிள்கள்தான். இரண்டையும் நான் அதிகம் பார்த்தது யாராவது தள்ளிக்கொண்டு போகும்போதுதான். ஒன்று தப்பால்கார மாமாவுடையது. காலையில் பையை ஹேண்டிலில் மாட்டிக்கொண்டு புசல்லாவ பக்கம் மிதிக்காமலே உருண்டு இறங்குவார். மத்தியானம் வேர்த்து விறுவிறுக்க அதைத் தள்ளிக்கொண்டு மேலே வருவார். "ஏன் மாமா, ஏறி மிதிச்சா என்ன?" என்று ஒரு தடவை கேட்டேன். "எறக்கத்துல அது என்னய சொமக்குது. ஏத்தத்துல நான்ல அத சொமக்கணும்" என்றார்.

யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ பிறந்தவர்களுக்கு சைக்கிள் இன்னொரு கால் மாதிரி. மலையகத்தில் நமக்கு அந்தப் பழக்கம் கிடையாது. அதனால்தானோ என்னவோ, டூர் டி பிரான்ஸ் போன்ற பல நாள் சைக்கிள் பந்தயத்தைத் தொலைக்காட்சியில் பார்க்கும்போது என் கண் வீரர்களை விட்டுவிட்டு ரோட்டின் சாய்வுக்கே போகும். அந்தப் பந்தயம் நம்ம ரோட்டில் நடந்தால் எப்படி இருக்கும்? ஒரு நாள் கம்பளையில் தொடங்கி, புசல்லாவ, றம்பொட, லபுக்கலை வழியாக நுவரெலியா. மறுநாள் கிரகரி வாவியைச் சுற்றி, தனித்தனியாகக் கடிகாரத்தோடு ஓட்டம். அதற்கடுத்த நாள் வெலிமடை, பண்டாரவளை வழியாக எல்லவுக்கு இறக்கம். கற்பனைதான். ஆனால் கணக்கைப் போட்டுப் பார்க்க ரோடு உண்மையாக இருந்தால் போதும்.

வீரர், சைக்கிள், உடுப்பு எல்லாம் சேர்த்து 75 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அவருடைய கால்கள் தருவது 300 வாட். கூரையில் சுற்றும் மின்விசிறிகள் நான்கை ஓட்டப் போதும். நல்ல தொழில்முறை வீரர் ஒருவர் இதை ஒரு மணி நேரத்துக்கு மேல் விடாமல் தருவார். நம்மில் பலருக்கு ஐந்து நிமிடம் தாங்காது. சமதரையில் இந்த 300 வாட், மணிக்கு ஏறக்குறைய 40 கிலோமீற்றர் வேகத்தைத் தரும். 100 மீற்றர் போனால் 6 மீற்றர் உயரும் ஏற்றத்தில் அதே 300 வாட்டுக்குக் கிடைப்பது 20 கிலோமீற்றர்தான்.

வேகம் பாதியானது பெரிய விஷயமில்லை. அந்த வாட் எல்லாம் எங்கே போகிறது என்பதில்தான் சுவாரசியம். சமதரையில் பத்தில் ஒன்பது பங்கு காற்றைக் கிழிக்கவே செலவாகிறது. மிச்சம் டயர் நசுங்கி நிமிர்வதில் போகிறது. ஏற்றத்தில் காற்றுக்குப் பத்தில் ஒரு பங்குதான். ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் எடையைத் தூக்கவே போய்விடுகிறது. காற்று கேட்கும் சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும்: வேகம் இரண்டு மடங்கானால் சக்தி எட்டு மடங்கு வேண்டும். எடை அப்படியில்லை. வேகம் இரண்டு மடங்கானால் சக்தியும் இரண்டு மடங்கு, அவ்வளவுதான். பந்தயத்தில் நடக்கும் தந்திரம், துரோகம், கூட்டணி எல்லாமே இந்த இரண்டு கணக்குக்குள் அடங்கிவிடும்.

முதலில் காற்றைப் பார்ப்போம். ஒருவர் பின்னால் ஒட்டிக்கொண்டு ஓடினால், முன்னால் போகிறவர் கிழித்துவிட்ட காற்றுக்குள் புகுந்துகொள்ளலாம். எதிர்ப்பு மூன்றில் ஒரு பங்காவது குறையும். நூற்றுக்கு மேற்பட்டவர்கள் ஒரே கூட்டமாகப் போகும்போது, அதைப் பெலோட்டன் என்பார்கள், நடுவில் இருப்பவருக்கு இன்னும் கொண்டாட்டம். 2018இல் பெல்ஜியம் நாட்டு ஆய்வாளர் பெர்ட் பிளாக்கனின் குழு, 121 பேர் கொண்ட கூட்டத்தைக் கணினியிலும் காற்றுச் சுரங்கத்திலும் ஆராய்ந்தது. கூட்டத்தின் வயிற்றில் இருப்பவர் மேல் மோதும் காற்றெதிர்ப்பு, தனியே ஓடுகிறவருக்கு இருப்பதில் 5 முதல் 10 வீதம் வரைதான். சமவெளி நாளில் தலைவர்களைக் கூட்டத்துக்குள் ஒளித்து வைத்து, துணை வீரர்கள் முன்னால் நின்று காற்று வாங்குவது இதற்காகத்தான். டூரில் ஓர் அணிக்கு எட்டுப் பேர். அதில் ஏழு பேரின் வேலை பெரும்பாலும் இதுவே.

பல நாள் பந்தயத்தில் வெற்றி என்பது நேரக் கூட்டல். ஒவ்வொரு நாளும் எடுத்த நேரத்தைக் கூட்டி, எல்லாவற்றிலும் குறைவாக வைத்திருப்பவர் முதலாவது. ஒரு கட்டத்தைக்கூட, அதாவது ஒரு நாள் ஓட்டத்தைக்கூட, ஜெயிக்காமல் முழுப் பந்தயத்தையும் ஜெயிக்கலாம். 1990இல் கிரெக் லெமண்டும் 2017இல் கிறிஸ் ஃப்ரூமும் டூரை அப்படித்தான் ஜெயித்தார்கள். கூட்டமாகக் கோட்டைக் கடந்தால் எல்லோருக்கும் ஒரே நேரம் என்பது விதி. ஆக, சமவெளியில் எவ்வளவு முக்கினாலும் யாருக்கும் யார் மேலும் நேரம் கிடைப்பது கஷ்டம். கூட்டம் உடைய வேண்டும். அதை உடைப்பது மலை.

றம்பொடவில் ஆஞ்சநேயர் கோயிலைத் தாண்டி ரோடு வளைந்து வளைந்து ஏறத் தொடங்கும் இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வேகம் 20க்கு இறங்கிவிட்டது. பின்னால் ஒட்டி ஓடுவதால் மிச்சமாவது, காற்றின் அந்தப் பத்தில் ஒரு பங்கில் மூன்றில் ஒன்று. அதாவது மொத்தத்தில் 3 வீதம் போல. ஒளிந்துகொள்ள இடமே இல்லை. இப்போது ஒவ்வொருவரும் அவரவர் உடம்பை அவரவர்தான் தூக்க வேண்டும். சமவெளியில் 400 வாட் தரும் 82 கிலோ ஆள், 350 வாட் தரும் 60 கிலோ ஆளை எளிதாக முந்துவார். உடம்பு பெரிதானாலும் காற்றுக்குக் காட்டும் முகப்பு அந்த அளவுக்குக் கூடுவதில்லை. ஏற்றத்தில் கேள்வி மாறிவிடும்: ஒரு கிலோவுக்கு எத்தனை வாட்? அதில் ஒல்லியானவர் முன்னால். அவர் ஒரு மணி நேரத்தில் ஏறும் மலையைப் பெரியவர் ஏறி முடிக்க, எட்டு ஒன்பது நிமிடம் பிந்தும்.

சைக்கிளை இன்னும் இலேசாக்கலாமே என்றால், உலக சைக்கிள் சம்மேளனம் 6.8 கிலோவுக்குக் கீழே விடாது. அதனால் மற்றதில் கஞ்சத்தனம் பிடிப்பார்கள். ஒரு மணி நேர ஏற்றத்தில் ஒரு கிலோ கூடினால் அரை நிமிடத்துக்கு மேல் போய்விடும். 2021இல் கண்ட இடத்தில் எறிவதைத் தடை செய்யும்வரை, மலையடிவாரத்தில் வீரர்கள் தண்ணீர்ப் போத்தலைத் தூக்கி எறிந்ததற்கு இதுதான் காரணம். அதைப் பொறுக்கப் பிள்ளைகள் ஓரத்தில் காத்து நின்றார்கள். நம்ம ரோட்டில் நடந்தால் ஒரு போத்தல்கூட மிஞ்சாது.

எனக்குப் பிடித்த கூட்டம் கடைசியில் வருவது. வேக ஓட்டக்காரர்கள், பெரிய உடம்புக்காரர்கள், கூடவே காய்ச்சலோடு ஓடுகிறவர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு குழுவாக மெதுவாக ஏறுவார்கள். அதற்கு அவர்கள் வைத்த செல்லப்பெயர், பஸ். ஜெயித்தவரின் நேரத்தோடு இத்தனை வீதம் கூட்டி ஒரு கெடு வைப்பார்கள். அதற்குள் வராதவர் மறுநாள் ஓட முடியாது. பஸ்ஸில் அனுபவமுள்ள ஒருவர் கணக்குப் போட்டுக்கொண்டே வருவார்: இன்னும் இத்தனை கிலோமீற்றர், இறக்கத்தில் இவ்வளவு பிடிக்கலாம், அவசரப்பட வேண்டாம். எதிரணிக்காரர்களும் அங்கே சேர்ந்துதான் மிதிப்பார்கள். கெடு நெருங்கும்போது அவர்கள் முகத்தைப் பார்த்தால், கடைசி பஸ்ஸை விட்டுவிடுவோமோ என்று ஹட்டன் பஸ் நிலையத்தை நோக்கி ஓடுகிறவர்களின் முகம்தான்.

சரி, இந்த ஏற்றத்துக்கு உடம்பு எவ்வளவு எரிக்கும்? கம்பளைக்கும் 1868 மீற்றரில் இருக்கும் நுவரெலியாவுக்கும் உயர வித்தியாசம் ஏறக்குறைய 1400 மீற்றர். 75 கிலோவை அவ்வளவு தூக்க வேண்டிய ஆற்றல், மின்சார பில்லில் ஒரு யூனிட்டில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. இவ்வளவுதானா என்று எனக்கே ஏமாற்றமாக இருந்தது. ஆனால் தசை எரிப்பதில் நாலில் ஒரு பங்குதான் மிதிக்கு வரும், மிச்சம் சூடாகப் போய்விடும். அதனால் உள்ளே எரிவது ஆயிரம் கலோரி போல. சீனியில் சொன்னால் கால் கிலோ. கட்டம் முழுவதற்கும் 4000, 5000 என்று போகும். உடம்பு தசையிலும் ஈரலிலும் சேர்த்து வைக்கும் மாச்சத்தோ 2000 கலோரி அளவுதான். அது தீர்ந்தால் கொழுப்பு இருக்கும், ஆனால் கொழுப்பு மெதுவாக எரியும். தலை சுற்றும், கால் கல்லாகும்.

அதனால் ஓடிக்கொண்டே சாப்பிட வேண்டும். குடல், குளுக்கோஸை மட்டும் கொடுத்தால் மணிக்கு 60 கிராம் அளவுக்கு மேல் உள்ளே விடாது. அதற்கான வாசல் அவ்வளவுதான். ஃபிரக்டோஸுக்கு வேறு வாசல். இரண்டையும் கலந்து கொடுத்தால் 90 கிராமும் அதற்கு மேலும் போகும். இன்றைய பந்தய பானங்களின் சூத்திரம் இதுதான். கடைச் சீனியின் ஒவ்வொரு மூலக்கூறும் பாதி குளுக்கோஸ், பாதி ஃபிரக்டோஸ். உள்ளங்கையில் சீனியைக் கொட்டி நக்கிக்கொண்டே பிளேன்டீ குடித்துவிட்டு மலைக்கு ஏறிய நம் ஆட்கள் இதைப் படித்துச் செய்யவில்லை.

மேலே போகப் போகக் காற்றும் மெலியும். நுவரெலியாவில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஒவ்வொரு மூச்சிலும் ஒட்சிசன் அவ்வளவுக்குக் குறையும், கால்களின் பலமும் சில வீதம் இறங்கும். ஆனால் மெல்லிய காற்றைக் கிழிப்பது சுலபம். பெல்ஜிய வீரர் எடி மெர்க்ஸ் 1972இல் ஒரு மணி நேரத்தில் தனியாக ஓடும் தூரத்துக்கான சாதனையை, 49.431 கிலோமீற்றர், உயரத்தில் இருக்கும் மெக்சிகோ நகரத்தில் போய் வைத்தது அதற்காகத்தான். ஆக, லபுக்கலை ஏற்றத்தில் மூச்சை வாட்டும் அதே மெல்லிய காற்று, மறுநாள் கிரகரி வாவிக் கரையில் உதவிக்கு வரும். அந்தத் தனி ஓட்டத்தில் ஒளிய யாரும் இல்லை, முழுக்கக் காற்றோடுதான் சண்டை. 1989 டூரின் கடைசி நாளில் 24.5 கிலோமீற்றர் தனி ஓட்டம். லெமண்ட் 50 செக்கன் பின்தங்கி இருந்தார். கைகளை முன்னால் ஒடுக்கி வைக்கும் புது ஹேண்டில், வால் வைத்த ஹெல்மெட். முன்னணியில் இருந்த லோரன்ட் ஃபின்யோன் தொப்பிகூட இல்லாமல், குதிரைவால் முடி பறக்க ஓடினார். மூவாயிரம் கிலோமீற்றருக்கு மேல் ஓடி முடித்த பந்தயத்தில் லெமண்ட் 8 செக்கனில் ஜெயித்தார்.

இறக்கம் கடைசி. நாள் முழுக்கச் சேர்த்த உயரத்தைத் திருப்பி வாங்கும் நேரம். 8 வீத இறக்கத்தில் மிதிக்காமலே மணிக்கு 70 கிலோமீற்றரை நெருங்கலாம்; அங்கே காற்றே பிரேக் மாதிரி நிறுத்திப் பிடிக்கும். முன்பு வேகத்துக்காக சைக்கிளின் மேல்கம்பியில் உட்கார்ந்து சுருண்டுகொள்வார்கள். 2021இல் அதைத் தடை செய்தார்கள். வேர்த்த உடம்பில் குளிர்காற்று அடித்து உறையாமலிருக்க, உச்சியில் பேப்பரை வாங்கி சட்டைக்குள் செருகும் பழக்கம் இன்னும் இருக்கிறது. கொண்டை ஊசி வளைவு வந்தால் வேகத்தை 25க்குக் கொண்டுவர வேண்டும். அந்த ஒரு பிடியில் பிரேக்கில் பிறக்கும் வெப்பம், ஒரு வாய்த் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் அளவு. வளைவுக்கு வளைவு அப்படி. கரி இழைச் சக்கரங்கள் சூட்டில் கெட்டுப்போன கதைகள் உண்டு. இப்போது வட்டத் தகடு பிரேக் வந்துவிட்டது. கினிகத்தேனை இறக்கத்தில் பஸ்ஸுக்குள் வரும் அந்தக் கருகல் வாசனையும் இதே கணக்குத்தான், எடை மட்டும் அதிகம். நம்ம ரயில்பாதையை வெட்டியவர்கள் 44 அடிக்கு ஓர் அடிக்கு மேல் சாய்வு விடாததும் அதை நினைத்துத்தான். இரும்புச் சக்கரத்துக்கு ஏறுவதும் கஷ்டம், நிற்பதும் கஷ்டம்.

தப்பால்கார மாமாவின் சைக்கிளில் பிரேக் ரப்பர் எப்போதோ தேய்ந்து போயிருந்தது. இறக்கத்தில் வளைவு வந்தால் காலைப் பின்னால் கொண்டுபோய்ச் செருப்பைச் சக்கரத்தில் அழுத்துவார். அவருடைய வலது செருப்பில் மட்டும் டயர் அகலத்துக்கு ஒரு பள்ளம் இருக்கும்.