வேர் நுனியின் கடைசி 3 மில்லிமீட்டர்

"ரூட் கெனால் செய்த பல்லிலேயே மறுபடியும் ஈறு வீங்கிவிட்டது" என்ற புலம்பலை வேலூரில் எந்தப் பல் மருத்துவர் வீட்டுத் திண்ணையிலும் கேட்கலாம். உடனே பழி மருத்துவர் தலையில் விழும். பாதி நேரம் வேரின் அமைப்புதான் காரணம் என்பேன்.

எக்ஸ்ரேயில் வேர்க்குழாய் ஒற்றைக் கோடாகத் தெரியும். நுனியை நெருங்கும்போது அது மயிரிழைக் கிளைகளாகப் பிரிவதை எக்ஸ்ரே காட்டுவதில்லை. மேல் கடைவாய்ப் பல்லின் ஒரு வேருக்குள் பெரும்பாலும் இரண்டு குழாய்கள் ஓடும்; இரண்டையும் மெல்லிய பிளவு ஒன்று இணைக்கும். ரூட் கெனாலில் குழாயைத் துப்புரவாக்கும் மருத்துவரின் கம்பி அங்கே நுழையாது. கோடைப் பாலாற்றில் (மணல் மிஞ்சியிருக்கும் இடத்தில்) மேலே வறண்டு கிடந்தாலும் தோண்டினால் ஊற்று சுரக்குமே, அப்படித்தான் துப்புரவான குழாய்க்கு அருகிலேயே கிருமி தங்கியிருக்கும்.

குழாயின் சுவரும் கெட்டியானதல்ல. டென்டின் எனப்படும் அந்தப் பகுதியில் ஒரு சதுர மில்லிமீட்டருக்குள் பல்லாயிரம் நுண்துளைகள். அகலம் சுமார் 1 முதல் 3 மைக்ரான். வாய்க் கிருமிகள் பலவற்றின் பருமன் ஒரு மைக்ரானை ஒட்டியே இருக்கிறது. குடியேறத் தாராளமான இடம்.

மறுசிகிச்சையும் பலிக்காதபோது ஈறை விலக்கி, எலும்பில் சிறு ஜன்னல் திறந்து, வேர் நுனியில் 3 மி.மீ. நறுக்கி எடுக்கிறார்கள். நுனிக் கிளைகளில் மிகப் பெரும்பாலானவை அந்த நீளத்துக்குள் அடங்கிவிடுகின்றன. முன்பெல்லாம் சுமார் 45 டிகிரி சாய்த்து வெட்டுவார்கள். அது பல்லுக்காக அல்ல, மருத்துவரின் கண்ணுக்கும் கருவிக்கும் வசதியாக! சாய்த்து வெட்டினால் நுண்துளைகள் கூடுதலாக வாய் திறக்கும். உட்பக்கக் குழாய் வெட்டுக்குத் தப்பிவிடவும் கூடும். அறுவை நுண்ணோக்கியும் மீயொலி அதிர்வில் குடையும் அல்ட்ராசானிக் முனைகளும் வந்தபின் வெட்டு ஏறக்குறைய நேர்குறுக்காகிவிட்டது. வெட்டுமுகத்தில் மெத்திலீன் நீலம் என்ற சாயத்தைத் தடவிக் கழுவினால், பிளவும் விரிசலும் நீலக் கோடாகத் துலங்கும்.

பிறகு குழாயின் போக்கிலேயே இன்னொரு 3 மி.மீ. குடைந்து எம்.டி.ஏ. என்ற கலவையால் அடைக்கிறார்கள். 1990களில் அறிமுகமான இது, வீடு கட்டும் போர்ட்லாண்ட் சிமென்டுக்கு நெருங்கிய உறவு. ரத்தமும் ஈரமும் உள்ள இடத்திலும் இறுகும். அதன்மேல் வேரின் மேலுறையான சிமென்டம் புதிதாகப் படரவும் செய்யும்.

எலும்பு நிரம்ப மாதக்கணக்காகும். குடியாத்தத்திலிருந்தும் ஆம்பூரிலிருந்தும் வருகிறவர்கள் வலி நின்றதும் ஓராண்டு கழித்து எடுக்க வேண்டிய எக்ஸ்ரேயை மறந்துவிடுகிறார்கள். குழி மூடியதா என்பதை அந்தப் படம்தான் சொல்லும்.