ஆரஞ்சு தொலைத்த 'ந'

தயிர்சாதத்துக்கு உப்பு நார்த்தங்காய். பழக்கடைக்குப் போனால் ஆரஞ்சு. ஒன்று ஜாடிக்குள் கறுத்துச் சுருண்டு கிடக்கும், மற்றது உரித்த கையெல்லாம் மணக்கும். எலுமிச்சைக் குடும்பத்தில் இவை வேறு வேறு மரங்கள். ஆனால் பெயர் இரண்டும் ஒரே வேரைச் சேர்ந்தவை என்று முதன்முதலில் படித்தபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. நாரத்தையின் தலையில் இருக்கும் 'ந' ஆரஞ்சில் எங்கே போயிற்று?

பாதையைப் பின்னோக்கிப் பார்க்கலாம். அரபியில் நாரஞ்ச், பாரசீகத்தில் நாரங்க், சமஸ்கிருதத்தில் நாரங்கம். அந்தச் சமஸ்கிருதச் சொல்லே ஏதோ ஒரு திராவிட மொழியிலிருந்து போயிருக்க வேண்டும் என்பது சொற்பிறப்பியலாளர் பலரின் கருத்து. தமிழில் நாரத்தை, மலையாளத்தில் நாரங்ஙா, தெலுங்கில் நாரிஞ்ச என்று இந்தப் பக்கம் உறவுக்காரச் சொற்கள் நிறைய. 'நறுமணம்' என்பதில் இருக்கும் 'நறு' என்ற வேரோடு இவற்றைச் சேர்த்துப் பார்ப்பவர்களும் உண்டு. குறிஞ்சிப்பாட்டின் பூப்பட்டியலில் வரும் 'நரந்தம்' என்பதற்கு நாரத்தம்பூ என்று பொருள் சொல்வார்கள்.

மேற்கே முதலில் போனது இனிப்பு ஆரஞ்சு அல்ல, கசப்பு வகை. அரபிகள் அதைச் சிசிலியிலும் ஸ்பெயினிலும் நட்டார்கள். ஸ்பானியர்கள் இன்றும் 'நரான்ஹா' என்றே சொல்கிறார்கள். 'ந' பத்திரமாக இருக்கிறது. போர்த்துகீசியர் வாயில் அது 'லரான்ஜா' ஆயிற்று. இத்தாலியில்தான் எழுத்து காணாமல் போனது. அங்கே மரத்துக்குப் பெயர் 'நரான்ச்சோ'. 'ஒரு' என்பதற்கு அவர்கள் சொல் 'ஊன்'. 'ஊன் நரான்ச்சோ' என்று வேகமாகச் சொல்லிப் பாருங்கள். இரண்டு மூக்கொலிகள் ஒட்டிக்கொண்டு ஒன்றாகிவிடும். கேட்டவர் அந்த ஒற்றை ஒலியை 'ஊன்' பக்கம் சேர்த்துவிட்டார், மிஞ்சியது 'அரான்ச்சோ'.

இது காதின் குறை அல்ல. பேச்சில் சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. ஒலிப்பதிவின் அலையைத் திரையில் பார்த்தால் ஒரு சொல் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று கோடு எதுவும் தெரியாது. சில சமயம் ஒரே சொல்லின் நடுவில் மௌனம் இருக்கும், இரு சொற்களுக்கு இடையில் இருக்காது. வெட்டுகிற வேலை முழுக்க நம் மூளையுடையது. தொல்காப்பியர் இதைத் தனி நூற்பாவாகவே சொல்லியிருக்கிறார்: எழுத்து ஒன்றுபோலவே இருந்து பொருள் இரண்டாகப் பிரியும் புணர்ச்சிகள் உண்டு, ஓசையால்தான் வேறுபாடு தெரியும் என்று. அதற்கு உரைகாரர்கள் காட்டும் 'செம்பொன்பதின்றொடி' என்ற உதாரணம் எனக்கு மிகவும் பிடித்தது. செம்பொன் பத்துத் தொடியா, செம்பு ஒன்பது தொடியா? வெட்டும் இடம் கொஞ்சம் நகர்ந்தால் தங்கம் தாமிரமாகிவிடுகிறது.

குழந்தைகள் எப்படி வெட்டுகிறார்கள்? 1996இல் சாஃப்ரன், அஸ்லின், நியூபோர்ட் என்ற மூன்று ஆய்வாளர்கள் எட்டு மாதக் குழந்தைகளுக்கு, பொருளில்லாத அசைகளை இடைவெளியே இல்லாமல் கோத்து இரண்டு நிமிடம் ஒலிக்கவிட்டார்கள். எந்த அசைக்குப் பின் எந்த அசை அடிக்கடி வருகிறது என்பதை மட்டும் வைத்தே அந்தக் குழந்தைகள் 'சொற்களை'ப் பிரித்து அறிந்தன. சேர்ந்தே வருவது ஒரு சொல். எப்போதாவது சேர்வது சொல்லின் எல்லை. இப்படிக் கணக்குப் போடும் மூளைக்கு, 'ஒரு' என்ற சொல்லுக்குப் பின்னாலேயே எப்போதும் கேட்கும் 'ன்' யாருடையது என்பதில் குழப்பம் வருவது இயல்புதானே!

'எ நாரஞ்ச்' என்பது ஆங்கிலேயர் வாயில் 'ஆன் ஆரஞ்ச்' ஆனது என்று பலர் எழுதுகிறார்கள். அது சரியல்ல. ஆங்கிலம் இந்தச் சொல்லைப் பிரெஞ்சிலிருந்து வாங்கியபோதே 'ந' போய்விட்டது. தொடக்கத்து அகரம் ஒகரமானதும் பிரெஞ்சில்தான்; அங்கே 'ஓர்' என்றால் பொன், பழத்தின் நிறம் அந்த ஒலியை இழுத்திருக்கலாம். ஆனால் அதே தவறான வெட்டு ஆங்கிலத்துக்குள்ளும் வேறு சொற்களில் நடந்தது உண்மை. விரியன் பாம்பைக் குறிக்கும் 'ஆடர்' முன்பு 'நேடர்'. ஜெர்மனில் இன்னமும் 'நாட்டர்'. சமையலறையில் கட்டும் 'ஏப்ரன்' முன்பு 'நேப்ரன்'. அதன் உறவான 'நாப்கின்' மட்டும் எழுத்தை விடவில்லை. எதிர்த்திசையிலும் நடந்தது: கூடுதல் பெயர் என்ற பொருளில் இருந்த 'ஈக்நேம்', முன்னால் நின்ற 'ஆன்' என்பதிலிருந்து ஓர் 'ன்'னைப் பறித்து 'நிக்நேம்' ஆகிவிட்டது.

நிறத்துக்கு இந்தப் பெயர் வந்தது இன்னும் பிற்பாடு, 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். அதற்கு முன் ஆங்கிலத்தில் 'மஞ்சள்சிவப்பு' என்று கூட்டிச் சொன்னார்கள், அல்லது வெறும் சிவப்பு என்றார்கள். மார்பு ஆரஞ்சாக இருக்கும் ராபின் பறவைக்கு அவர்கள் வைத்த பெயர் 'சிவப்பு மார்பன்'. நமக்கும் அப்படித்தான். செவ்விளநீரின் மட்டையைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், அது சிவப்பா? நிறத்துக்குத் தனிச்சொல் வரும்வரை சிவப்பின் எல்லை அவ்வளவு அகலமாக இருந்தது.

இனிப்பு ஆரஞ்சின் கதை வேறு. பம்ப்ளிமாஸும் மாண்டரினும் கலந்து பிறந்த கலப்பினம் அது என்று மரபணு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அது மத்தியதரைக் கடல் நாடுகளில் பரவியதில் போர்த்துகீசிய வணிகர்களுக்குப் பெரும் பங்கு. அதனால் கிரேக்கர்கள் அதை 'போர்த்தொகாலி' என்கிறார்கள், அரபிகள் 'புர்துக்கால்' என்கிறார்கள், எல்லாம் போர்ச்சுகல்தான். அரபியில் 'நாரஞ்ச்' என்ற பழைய பெயர் கசப்புப் பழத்துக்கே நின்றுவிட்டது. நம்மிடமும் கிட்டத்தட்ட அதே பங்கீடு: கசப்புக்கு நாரத்தை, இனிப்புக்கு ஆங்கிலம் வழியாக வந்த ஆரஞ்சு.