ஸ்பீக்கர்: சபாநாயகரா, பேரவைத் தலைவரா?

ஸ்பீக்கர் என்றால் சட்டமன்றக் கூட்டத்தை நடத்துபவர். யார் எப்போது பேசலாம், எந்தத் தீர்மானம் எப்போது வாக்கெடுப்புக்கு வரும் என்று முடிவு செய்பவர். கல்யாண வீட்டு மைக் செட்டோடு வந்து இறங்கும் பெட்டிக்கும் இதே பெயர்தான். அந்தக் கதை இங்கே வேண்டாம். இணைய விளையாட்டு ஒன்றின் சிமுலேஷன் சட்டமன்றத்தில் ஸ்பீக்கர் ரீ-எலெக்‌ஷனுக்குப் பிரசாரம் செய்கிறார் என்பதைத் தமிழில் எப்படி எழுதுவது என்பதுதான் கேள்வி.

இந்தப் பதவிக்கு ஒருவர் வெளிப்படையாக ஓட்டுக் கேட்பதைப் பார்க்க வேண்டுமானால் நிஜச் சட்டமன்றங்களைவிட இணைய அரசியல் விளையாட்டுகள் நல்ல இடம். நேஷன்ஸ்டேட்ஸ் அப்படி ஒன்று. ஆஸ்திரேலிய எழுத்தாளர் மேக்ஸ் பேரி 2002-ல் தொடங்கியது. ஆளுக்கொரு கற்பனை நாடு. நாடுகள் சேர்ந்தால் வட்டாரம். பெரிய வட்டாரங்களில் ஆட வந்தவர்களே அரசியலமைப்பு எழுதி, சட்டமன்றம் வைத்து, நீதிமன்றமும் வைத்துக்கொள்கிறார்கள். நார்த் பசிபிக் என்ற வட்டாரத்தில் ஸ்பீக்கர் தேர்தல் நான்கு மாதத்துக்கு ஒருமுறை வரும். பதவியில் இருப்பவர் மறுபடியும் நிற்கலாம். நின்றால் பிரசாரம் செய்தே ஆக வேண்டும்.

எதைச் சொல்லி ஓட்டுக் கேட்பது? சட்டம் கொண்டுவருவேன் என்று சொன்னால் எடுபடாது, அது உறுப்பினர்கள் எல்லோருக்கும் உள்ள உரிமை. ஸ்பீக்கர் காட்டக்கூடியது கணக்குப்பிள்ளையின் பேரேடு மாதிரியான ஒன்றைத்தான். குடியுரிமை விண்ணப்பங்களைத் தேங்கவிடாமல் பார்த்தாரா, உறுப்பினர் பட்டியலைச் சரியாக வைத்திருந்தாரா, வாக்கெடுப்பைச் சொன்ன நேரத்தில் திறந்து மூடினாரா, துணை ஸ்பீக்கர்களிடம் வேலையைப் பிரித்துக் கொடுத்தாரா. எதிர்த்து நிற்பவரும் இதே பேரேட்டைப் புரட்டித்தான் குறை சொல்வார். கொள்கைச் சண்டைக்கு இடமே இல்லை. இந்தப் பதவிக்கு இதைவிடப் பொருத்தமான தேர்தல் முறை இருக்க முடியாது என்றே எனக்குத் தோன்றுகிறது.

சொல்லின் பிறப்பிடம் இங்கிலாந்து. பொருள் நேரானது: பேசுபவர். அவைக்குள் பேசுபவர் அல்ல, அவைக்காக மன்னரிடம் போய்ப் பேசுபவர். 1377-ல் தாமஸ் ஹங்கர்ஃபோர்டுக்குத்தான் முதலில் இந்தப் பட்டம் கிடைத்தது. மக்களவை வரி தர மறுத்தால் அதை மன்னரிடம் சொல்ல வேண்டியவர் இவர்தான். கேட்கிறவர் கோபித்தால் என்ன ஆகும்? 1394-க்கும் 1535-க்கும் இடையில் ஸ்பீக்கராக இருந்தவர்களில் ஏழு பேரின் தலை போயிருக்கிறது. புதிதாகத் தேர்வானவரை இன்றும் அங்கே உறுப்பினர்கள் கையைப் பிடித்து நாற்காலிக்கு இழுத்துப் போவார்கள், அவரும் வர மறுப்பதுபோல நடிப்பார். அந்தக் காலத்துப் பயத்தின் மிச்சம் அது. நம் சட்டமன்றத்தில் அவை முன்னவரும் எதிர்க்கட்சித் தலைவரும் இரண்டு பக்கமும் நின்று மரியாதையாக அழைத்துப் போய் உட்காரவைக்கிறார்கள்.

மன்னரின் பிடி தளர்ந்தபின் தூது போகும் வேலை சுருங்கி, கூட்டத்தை நடத்தும் வேலை வளர்ந்தது. பெயர் மட்டும் மாறவில்லை. விவாதத்தில் கலந்துகொள்ளாதவருக்குப் ‘பேசுபவர்’ என்ற பட்டம் இப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

மறுபடியும் நிற்பதற்குப் பிரிட்டனில் தனி வழக்கமே உண்டு. பதவியில் இருக்கும் ஸ்பீக்கர் பொதுத்தேர்தலில் கட்சிப் பெயர் இல்லாமல், ‘மீண்டும் தேர்வு கோரும் ஸ்பீக்கர்’ என்ற அடையாளத்தோடு நிற்பார். பெரிய கட்சிகள் பொதுவாக ஒதுங்கிக்கொள்ளும். லிண்ட்சே ஹோய்ல் 2019-லும் 2024-லும் சோர்லி தொகுதியில் இப்படித்தான் ஜெயித்தார். இங்கே அப்படி இல்லை. 2012-ல் ஸ்பீக்கரான தனபால் 2016-ல் இரட்டை இலையில் அவினாசியில் நின்று வென்று, அப்புறம் போட்டியின்றி மறுபடியும் அதே நாற்காலிக்கு வந்தார். தொகுதியில் கட்சிக்காரர், அவையில் நடுநிலையாளர். இந்த இரட்டை வேடம் இந்தியா முழுக்க உள்ளதுதான்.

இந்தியாவில் இந்தப் பட்டமே கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது. ஆங்கிலேயர் காலத்து மத்தியச் சட்டசபையில் அந்தப் பதவிக்கு ‘பிரசிடென்ட்’ என்று பெயர். 1925-ல் அதற்கு நடந்த தேர்தலில் விட்டல்பாய் படேலுக்கு 58 வாக்கு, சென்னை மாகாணத்தின் டி. ரங்காச்சாரியாருக்கு 56. வென்றதும் படேல் சுயராஜ்யக் கட்சியிலிருந்து விலகினார். 1927-ல் அவரை எதிர்த்து யாருமே நிற்கவில்லை. 1935-ன் இந்திய அரசுச் சட்டத்துக்குப் பிறகு மாகாணச் சட்டசபைகளில் ‘ஸ்பீக்கர்’ வந்தது. சென்னையில் 1937-ல் முதல் ஸ்பீக்கர் புலுசு சாம்பமூர்த்தி.

சரி, தமிழில்? பத்திரிகைகளிலும் பேச்சிலும் நிலைத்தது சபாநாயகர். சபா, நாயகர் இரண்டுமே வடமொழி. நாயகர் என்றால் நடத்திச் செல்பவர். மூலச் சொல்லின் ‘பேசுபவர்’ இதில் இல்லை, ஆனால் இன்றைய வேலை அப்படியே இருக்கிறது. இலங்கையில் அரசு வழக்கும் சபாநாயகர்தான். சிங்கப்பூரில் நாடாளுமன்ற நாயகர். தமிழ்நாட்டில் சட்டமன்றப் பேரவை என்ற பெயரை ஒட்டி அரசு வழக்கு பேரவைத் தலைவர். தமிழ் என்ற அளவில் இது நல்ல சொல், அந்த அவைக்குப் பேரவை என்று பெயர் இருக்கும்வரை. பேரவையில் உள்ள ‘பேர்’ வேண்டாம் என்று அவைத்தலைவர் என எழுதினால், திமுக போன்ற கட்சிகளில் அதே பெயரில் உள்ள பொறுப்போடு குழம்பும். அவை முன்னவர் முற்றிலும் வேறு ஆள். ஆளுங்கட்சி சார்பில் அவை அலுவலைக் கவனிப்பவர்.

ரீ-எலெக்‌ஷனை ‘மறுதேர்தல்’ என்று எழுதுகிறவர்கள் நிறைய. அது தேர்தலையே திரும்ப நடத்துவது. பதவியில் இருப்பவர் மறுபடி வருவது மறுதேர்வு. இலங்கைத் தமிழில் மறுதெரிவு என்றும் எழுதலாம். சிமுலேஷனுக்கு மாதிரி என்ற சொல்லே போதும், மாதிரி நாடாளுமன்றம் ஏற்கெனவே பழகியதுதான். ஆகவே நார்த் பசிபிக் வேட்பாளரைப் பற்றித் தமிழில் எழுத நேர்ந்தால் நான் இப்படி எழுதுவேன்: ‘மாதிரிச் சட்டமன்றத்தின் சபாநாயகர் மறுதேர்வு கோரிப் பிரசாரம் செய்கிறார்.’