உப்புத் தண்ணீர் புண்ணை ஆற்றாது

"உப்புத் தண்ணிதானே டாக்டர், அதுவே கழுவிடும்னு விட்டுட்டேன்." டெக்சாஸ் கடலோரத்தில் ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் வேலை பார்க்கிறேன். கோடை வந்தால் இந்த வசனமும் வந்துவிடும். ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் கேட்டுப் பழகியதுதான். போன மாதம் நல்ல தமிழிலேயே கேட்டேன். அதற்குமேல் பொறுக்க முடியவில்லை, எழுதுகிறேன்.

ஹூஸ்டன் பக்கம் நம்மவர்களில் சிலர் ஃப்ளை ராடும் கையுமாக (இறகும் நூலும் கட்டிய 'ஃப்ளை' என்ற பொய் இரையை வீசும் தூண்டில் அது) கால்வெஸ்டன், மாடகோர்டா, ராக்போர்ட் என்று கடலோரச் சதுப்புகளுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். முழங்கால் அளவுத் தண்ணீர். ரெட்ஃபிஷ் மீன் தலையைச் சேற்றில் குத்தி நண்டு தேடும்போது, கரும்புள்ளி வைத்த அதன் வால் தண்ணீருக்கு மேலே ஆடும். அதைக் கண்ணால் பார்த்து, சத்தமில்லாமல் நெருங்கி, மூக்குக்கு முன்னால் ஃப்ளையைப் போட வேண்டும். அருமையான பொழுதுபோக்கு, குறை சொல்ல மாட்டேன். ஆனால் மணிக்கணக்கில் காலும் கையும் அந்தத் தண்ணீரில்தான் ஊறிக்கொண்டிருக்கும்.

அந்தத் தண்ணீரில் விப்ரியோ வல்னிஃபிகஸ் என்றொரு பாக்டீரியா இருக்கிறது. காலராக் கிருமிக்குப் பங்காளி. செய்திகளில் 'சதை தின்னும் கிருமி' என்று போடுவார்கள்.

இனி அந்த உப்பு விவகாரம். ஒருவர் கருவாட்டை வைத்தே என்னிடம் வாதாடினார்: "உப்பு போட்டா மீனே கெடறதில்லையே?" ஐயா, கருவாட்டில் உப்பு மீனின் ஈரத்தையே உறிஞ்சி எடுத்துவிடுகிறது. கடலில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம்தான் உப்பு. ஆற்று நீர் வந்து கலக்கும் சதுப்பில் பல இடங்களில் அதில் பாதிகூட இராது. விப்ரியோவுக்குப் பிடித்ததே அந்த அளவுதான். உப்பு இந்தக் கிருமியைக் கொல்வதில்லை. உப்பே இல்லாவிட்டால்தான் அது வளராது. தண்ணீரின் சூடு 20 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பெருகத் தொடங்கும். ஆகஸ்டில் அந்த ஆழமில்லாத தண்ணீர் 30 டிகிரியில் நிற்கும். "நீங்க புண்ணு கழுவுற சலைனும் உப்புத் தண்ணிதானே?" என்று அடுத்த கேள்வி வரும். சலைன் நல்லது, ஏனென்றால் அதில் கிருமி இல்லை. உப்புக்காக நாங்கள் அதைத் தேடிப் போவதில்லை. சுத்தமான குழாய்த் தண்ணீரே பெரும்பாலும் போதும். "தண்ணி கண்ணாடி மாதிரி இருந்துச்சே" என்பதும் எடுபடாது. இது சாக்கடையிலிருந்து வந்து கலக்கும் கிருமி இல்லை, அங்கேயே குடியிருப்பது.

போன மாதம் வந்தவருக்கு வலது ஆள்காட்டி விரலில் ஒரு கோடு, அவ்வளவுதான். மீன் பாய்ந்து ஓடியபோது ஈரத் தூண்டில் நூல் விரல் மடிப்பை அறுத்திருக்கிறது. காலையில் கீறல், ராத்திரி தூங்க முடியாத வலி, விடியும்போது புறங்கை முழுக்க வீக்கம், கருநீலக் கொப்புளங்கள். இடையில் ஊரிலிருந்து கொண்டுவந்த அமாக்சிசிலின் இரண்டு மாத்திரை போட்டுக்கொண்டு காத்திருந்தார். தயவுசெய்து அந்த மாத்திரை டப்பாவைக் குப்பையில் போடுங்கள். இதற்கு வேறு ஆன்டிபயாடிக்குகள், அதுவும் ஒன்றுக்கு மேல் சேர்த்து, நரம்பு வழியாக; பலருக்கு அன்றைக்கே அறுவை சிகிச்சையும் வேண்டும். அவருக்கு ஏற்கெனவே கல்லீரல் சுருக்கம். விரல் போயிற்று, ஆள் பிழைத்தார்.

அமெரிக்காவில் ஆண்டுக்கு 150 முதல் 200 பேருக்கு இந்தத் தொற்று பதிவாகிறது. குறைவுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஐந்தில் ஒருவர் இறந்துபோகிறார், சிலர் ஓரிரு நாளிலேயே. புயல் வெள்ளம் வந்த ஆண்டில் கணக்கு எகிறும்: இயன் புயல் அடித்த 2022-இல் ஃபுளோரிடாவில் மட்டும் 74 பேருக்கு வந்து, 17 பேர் இறந்தார்கள்.

சரி, என்ன செய்ய வேண்டும்? உடம்பில் ஆறாத புண்ணோ புதுத் தையலோ இருந்தால் தண்ணீரில் இறங்காதீர்கள். விரலுக்கு உறை மாட்டுங்கள், விலை ஒன்றும் பெரிதில்லை. செருப்போடு சிப்பித் திட்டில் நடப்பவர்களை என்ன சொல்வது? கெட்டியான பூட்ஸ், முழுக்கால் சட்டை. காலைத் தூக்கி வைக்காமல் தரையோடு தேய்த்து நடந்தால் திருக்கை விலகி ஓடிவிடும். கெளுத்தி மாட்டினால் வெறுங்கையால் பிடிக்காதீர்கள். அதன் முள் ரம்பம் மாதிரி. கொக்கியின் எதிர்முள்ளை வீட்டிலேயே நசுக்கிவிடுங்கள். கீறல் பட்டதா, மீன் போனால் போகட்டும், குடிக்கக் கொண்டுபோன தண்ணீரும் சோப்பும் போட்டு அங்கேயே கழுவுங்கள்.

கீறலுக்குப் பொருந்தாத வலி, பரவும் சிவப்பு, காய்ச்சல் இருந்தால் விடியட்டும் என்று பார்க்காமல் உடனே வாருங்கள். வந்ததும் முதலில் விசாரிக்கும் நர்ஸிடமே "உப்புத் தண்ணீரில் நின்றேன், அங்கே கீறல் பட்டது" என்று சொல்லுங்கள். "கடலுக்குப் போனீங்களா?" என்று கேட்டால் "இல்லை" என்பவர்கள் உண்டு. சதுப்பு கடல் இல்லையாம்! அந்த ஒரு பதிலில் எங்களுக்குப் பொன்னான நேரம் போய்விடுகிறது.

கல்லீரல் நோய், சர்க்கரை, சிறுநீரக நோய் உள்ளவர்கள், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுபவர்கள், உங்களிடம் மட்டும் கெஞ்சியே கேட்கிறேன்: கோடையில் தண்ணீரில் இறங்க வேண்டாம், கரைக்கு வந்து வேகவைக்காத சிப்பியும் சாப்பிட வேண்டாம். படகிலேயே நில்லுங்கள். உயரத்திலிருந்து பார்த்தால் மீனும் நன்றாகத் தெரியும்.