காளை செத்தது, பூசாரி பிழைத்தார்

“பழைய ரோமானியக் கோவில் ஒன்றில் காளையைக் குகை வாசலுக்குக் கூட்டிப்போனால் அது அங்கேயே சுருண்டு விழுந்து செத்துவிடுமாம். கூடவே போன பூசாரிக்கு ஒன்றும் ஆகாதாம். வாட்ஸ்அப்பில் வந்தது. சும்மா அடித்துவிடுகிறார்கள்தானே?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்.

வாட்ஸ்அப்பில் வருகிற பழங்காலப் பெருமைகளை நானும் படிக்காமலே அழிக்கிறவன்தான். ஆனால் இது நிஜம். காளை செத்தது, பூசாரி பிழைத்தார். அந்த வாசலில் காளையைக் கொன்றது இன்னமும் அங்கேயே இருக்கிறது.

ரோமானியக் கடவுள்கள் என்றால் நமக்கு ஜுபிடர், மார்ஸ், வீனஸ் என்று கிரகங்களின் பெயர்கள்தான் நினைவுக்கு வரும். அந்தப் பெரிய தலைகளைவிட அவர்களிடம் சில்லறைத் தெய்வங்கள் அதிகம். வாசலுக்கு ஜானுஸ், கதவின் கீலுக்குக் கார்டியா, பயிரில் துருநோய் விழாமல் பார்த்துக்கொள்ள ரொபிகுஸ். இப்படி ஆளுக்கொரு இலாகா. கெட்ட காற்றுக்கும் ஒரு தெய்வம் இருந்தது: மெபிட்டிஸ். தெற்கு இத்தாலியில், இன்றைய அவெல்லினோ மாகாணத்தில், அம்சாங்டுஸ் என்ற பள்ளத்தாக்கு அவளுடைய இடம். சேற்றுக் குட்டை கொப்பளித்துக்கொண்டே இருக்கும். பக்கத்தில் போன ஆடு திரும்பாது. வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்துபோன மூத்த பிளினி என்ற ரோமானிய எழுத்தாளர் அங்கிருந்த அவளுடைய கோவிலைப் பற்றி எழுதியிருக்கிறார். உள்ளே போனவர் செத்தார் என்று சொல்லிவிட்டு, கையோடு இன்னோர் ஊரையும் சேர்த்துக்கொள்கிறார். ஆசியாவின் ஹியராபோலிஸ், அங்கே பெரிய அன்னையின் பூசாரிக்கு மட்டும் தீங்கில்லை என்கிறார். வாசகர் கேட்ட கோவில் அதுதான்.

துருக்கியின் தென்மேற்கில், டெனிஸ்லி நகருக்குப் பக்கத்தில் பாமுக்கலே. சுற்றுலாப் படங்களில் பார்த்திருப்பீர்கள்: பனி உறைந்தது போன்ற வெள்ளைப் படிகள், நீல நிறத் தண்ணீர். அந்தப் படிகளுக்கு மேலே இருக்கும் இடிபாடுதான் ஹியராபோலிஸ். இந்தப் பகுதியை ஆண்ட பெர்கமம் அரசர்களின் கையில் இருந்த ஊர். கி.மு. 133இல் அவர்களின் கடைசி அரசர் நாட்டையே ரோமுக்கு உயில் எழுதி வைத்துவிட, இதுவும் ரோமானியர் கைக்குப் போனது. அங்கே பாதாளத்தின் அதிபதி புளூட்டோவுக்கு ஒரு சன்னிதி. பாறையில் ஒரு சின்ன வாசல், முன்னால் ஒரு முற்றம், பார்வையாளர்கள் உட்கார மேலே படிவரிசை. பூசாரிகள் ‘கல்லி’ என்று பெயர் பெற்றவர்கள். சிபெலி என்ற பெரிய அன்னைக்குத் தங்களைக் காயடித்துக்கொண்டு அர்ப்பணித்தவர்கள். இந்த அன்னையைக் கி.மு. 204இல் ஒரு கருங்கல் வடிவில் ரோமுக்கே அழைத்துவந்து கோவில் கட்டினார்கள் ரோமானியர்கள். ஆனால் தங்கள் குடிமக்கள் அவளுக்குக் கல்லியாவதை மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. சாமி வேண்டும், சாமியாடி வேறு யாராவதாக இருக்கட்டும்!

இனி எனக்குப் பிடித்த மனிதர். ஸ்ட்ராபோ. ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த புவியியலாளர். இவர் ஹியராபோலிஸுக்கு நேரில் போனார். வாசல் ஓர் ஆள் நுழையும் அளவு, சுற்றிலும் வேலி, உள்ளே தரையே தெரியாத அளவு மூட்டம் என்று எழுதுகிறார். காற்றடிக்காத நாளில் வேலிக்கு வெளியே நிற்பவருக்கு ஒன்றும் ஆகாது. மூட்டம் வேலிக்குள்ளேயே கிடக்கும். உள்ளே போன காளைகள் விழுந்தன, பிணமாக இழுத்து வரப்பட்டன. தானும் சில குருவிகளை உள்ளே எறிந்து பார்த்ததாகவும், அவை உடனே மூச்சை விட்டு விழுந்ததாகவும் சொல்கிறார். கல்லிகள் மட்டும் வாசல் வரை போய்க் குனிந்து பார்க்கிறார்கள், கொஞ்சம் உள்ளேயும் இறங்குகிறார்கள். அப்போது முடிந்தவரை மூச்சை அடக்கிக்கொள்கிறார்கள் என்கிறார். திணறல் அவர்கள் முகத்திலேயே தெரிந்ததாம்.

எல்லோரும் காளையைப் பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் இவர் பூசாரியின் முகத்தைப் பார்த்திருக்கிறார். அதோடு நிற்காமல் காரணங்களையும் அடுக்குகிறார். காயடித்த எல்லோருக்குமே இப்படியா, இந்தக் கோவில்காரர்களுக்கு மட்டுமா, தெய்வச் செயலா, இல்லை ஏதாவது மாற்றுமருந்தா? எதையும் முடிந்த முடிவாகச் சொல்லவில்லை. கைவசம் இருந்த கருவி குருவிதான்.

கொன்றது கரியமில வாயு. நாம் விடும் மூச்சிலும் சோடா பாட்டிலிலும் இருப்பதேதான். ஹியராபோலிஸுக்கு அடியில் பாபதாக் பிளவு மண்டலம் ஓடுகிறது. பூமியின் ஆழத்திலிருந்து கிளம்பும் வாயு அந்த வெடிப்புகள் வழியே, வெந்நீரோடு சேர்ந்து மேலே வருகிறது. வெந்நீரில் கரைந்த வாயு வழியிலுள்ள சுண்ணாம்புக் கல்லையும் கரைத்துக்கொண்டு வருகிறது. வெளிக்காற்றைத் தொட்டதும் வாயு பறந்துவிடுகிறது. பிடிமானம் போன சுண்ணாம்பு படிந்துவிடுகிறது. போர்வெல் தண்ணீர் கொதிக்கும் பாத்திரத்தில் வெள்ளையாக ஒட்டுகிறதே, அதே சங்கதி. பாமுக்கலேயின் வெள்ளைப் படிகளைக் கட்டியதும், பக்கத்திலேயே காளையைச் சாய்த்ததும் ஒரே வாயு!

வாயு வெளியே வந்த பிறகு நடப்பதுதான் விஷயமே. கரியமில வாயுவின் மூலக்கூறு எடை 44, காற்றின் சராசரி 29. ஒன்றரை மடங்கு கனம். ஆகவே அது குகை வாசலிலிருந்து புகைபோல எழும்பாது. தண்ணீர்போல வழிந்து முற்றத்தின் தரையில் தேங்கும். சுற்றுச்சுவர் தொட்டிச் சுவராகிவிடும். கண்ணுக்குத் தெரியாத ஒரு குளம். (ஸ்ட்ராபோ பார்த்த மூட்டம் வாயு அல்ல. ஈரமும் சூடுமாக வரும் வாயு வெளிக்குளிரில் பட்டுச் சிந்திய நீர்த்திவலைகள். கரியமில வாயுவுக்கு நிறம் கிடையாது.)

ஆனால் இந்தக் குளம் நாள் முழுவதும் ஒரே மட்டத்தில் இருக்காது. பகலில் வெயில் பட்டுக் கல் சூடேறும். தரையை ஒட்டிய காற்று சூடாகி மேலே கிளம்பும், கூடவே காற்றும் வீசும். கலக்கிவிட்ட சாம்பார்போல எல்லாம் கலந்து வாயு நீர்த்துப்போகும். இரவில் தரை குளிரும், காற்று அடங்கும், கலக்க ஆளில்லை. குகை கக்கக் கக்கக் குளம் ஏறிக்கொண்டே போகும். விடியும் நேரத்தில் உச்சம். சூரியன் ஏறியதும் கலையும். இத்தனைக்கும் குகை எப்போதும் போலத்தான் கக்கிக்கொண்டிருக்கிறது. கொல்லும் நேரத்தை முடிவு செய்வது பாதாளம் அல்ல, வெயில்.

இதைச் சமையலறையிலேயே பார்க்கலாம். அகலமான குண்டான் ஒன்றில் இரண்டு மெழுகுவத்திகளை நிறுத்துங்கள்: ஒன்று விரல் நீளம், இன்னொன்று சாண் நீளம். அடியில் இரண்டு கரண்டி ஆப்பசோடாவைத் தூவி, வத்திகளை ஏற்றி, ஓரமாக வினிகரை மெல்ல ஊற்றுங்கள். நுரை அடங்குவதற்குள் குட்டை வத்தியின் சுடர் நீண்டு, தடுமாறி, அணைந்துவிடும். அதன் புகை நேராக ஏறாமல் ஒரு மட்டத்தில் படுத்துக்கொண்டு மிதக்கும். அந்த மட்டம்தான் குளத்தின் மேற்பரப்பு. நெட்டை வத்தி ஒன்றும் நடக்காததுபோல் எரிந்துகொண்டிருக்கும். குட்டையானது காளை, நெட்டையானது பூசாரி. நான் இதை மூன்று முறை செய்தேன். மூன்றாவது முறைக்கு அறிவியல் காரணம் எதுவும் இல்லை.

நிஜக் காளை வத்தியைவிடப் பாவம். காளை எவ்வளவு உயரமானாலும் தலையைத் தாழ்த்தித்தான் நடக்கும். மூக்கு மனிதனின் தொடை, இடுப்பு உயரத்தில் இருக்கும். வாயுக் குளத்துக்குக் குண்டானில் பார்த்ததுபோலக் கூரான விளிம்பும் கிடையாது. கீழே அடர்த்தி, மேலே போகப்போக நீர்ப்பு. முதல் சில மூச்சில் காளைக்குக் கிறுகிறுப்பு. கிறுகிறுத்தால் தலை தொங்கும். தொங்கினால் மூக்கு இன்னும் அடர்ந்த அடுக்குக்குள் போகும். அங்கே இழுக்கும் மூச்சு இன்னும் மோசம். மேலிருந்து வேடிக்கை பார்ப்பவருக்கு, ஏதோ ஒரு கை கொம்பைப் பிடித்துத் தரையோடு அழுத்துவதுபோல் இருந்திருக்கும்.

ஆக்சிஜன் குறைவதால்தான் சாகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதிக் கதை. மூச்சை அடக்கிப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் நெஞ்சு முட்டுகிறது அல்லவா? அந்த முட்டலுக்குக் காரணம் ஆக்சிஜன் தீர்ந்தது அல்ல, இரத்தத்தில் கரியமில வாயு ஏறியது. இங்கிலாந்தில் ஹால்டேன், பிரீஸ்ட்லி என்ற இருவர் 1905இல் இதை நிறுவினார்கள். மூளையின் அடியில் இருக்கும் முகுளம் இரத்தத்தின் அமிலத்தன்மையைக் கண்காணித்துக்கொண்டே இருக்கிறது. வாயு கரைந்து அமிலமானால் உடனே கட்டளை போகும்: ஆழமாக மூச்சு விடு. சாதாரணக் காற்றில் இது உயிர் காக்கும் கட்டளை. புளூட்டோவின் முற்றத்தில் இதுவே எமன். ஆழமாக இழுக்க இழுக்க உள்ளே போவதும் அதே வாயு. நாம் இழுக்கும் காற்றில் அது 0.04 விழுக்காடு, விடும் மூச்சில் சுமார் 4. பத்து விழுக்காடு இருந்தால் சில நிமிடத்தில் நினைவு தப்பும். முப்பதைத் தாண்டினால் ஒரு நிமிடம்கூட வேண்டாம்.

பூசாரிக்குத் தெரிந்திருந்தது இரண்டு விஷயம்: நிமிர்ந்து நிற்க வேண்டும், குனியும்போது மூச்சை அடக்க வேண்டும். எந்த வேளையில் எவ்வளவு தூரம் போகலாம் என்பதும் பழக்கத்தில் வந்திருக்கும். காயடித்துக்கொண்டதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பாவம், வீண் செலவு.

இந்த வாசல் பிறகு மண் மூடிப்போனது. அதை மறுபடி கண்டுபிடித்த செய்தி 2013இல் வந்தது. பிரான்செஸ்கோ தாந்திரியா தலைமையிலான இத்தாலிய அகழாய்வுக் குழு வெந்நீர் ஊற்றின் தடத்தைப் பிடித்துக்கொண்டே போய்ச் சேர்ந்தது. புளூட்டோவுக்கும் அவர் துணைவி கோரேவுக்கும் எழுதிய கல்வெட்டு கிடைத்தது. அதைவிட நல்ல சாட்சி, குழியின் கதகதப்பை நாடி வந்த பறவைகள் தோண்டுகிறவர்கள் கண் முன்னாலேயே விழுந்து செத்தது. பின்னர் ஜெர்மனியின் ஹார்டி ஃபான்ஸ் என்ற உயிரியலாளர் குழுவோடு போய் வாயுவை அளந்து 2018இல் வெளியிட்டார். வாசலருகே உயரத்தைப் பொறுத்து 4 முதல் 53 விழுக்காடு, குகைக்குள் 91 வரை. ஸ்ட்ராபோவும் பிளினியும் பெரிதாக மிகைப்படுத்தவில்லை என்பது அவருடைய முடிவு.

யோசித்துப் பாருங்கள், அளக்கத் தேவைப்பட்டது கையில் தூக்கிப்போகும் கருவியும், பொழுது விடியுமுன் எழுந்திருக்கும் ஆட்களும். ராக்கெட் விலையில்லை. ஆனாலும் நம் ஊரில் ஒருவர் ‘பழைய கோவில் வாசலில் காளை ஏன் செத்தது’ என்று நிதி கேட்டு விண்ணப்பித்தால், ‘சமூகத்துக்கு என்ன பயன்’ என்ற கட்டத்தில் என்ன எழுதுவார்?

பயன் உண்டு என்பது என் கட்சி. பல நாள் இறங்காத கிணற்றில் தூர்வாரப் போனவர் மயங்கி விழுகிறார். காப்பாற்ற இறங்கிய தம்பியும் விழுகிறார். மூன்றாவது ஆளும் விழுகிறார். எங்கள் பக்கத்தில் முன்பு ‘கிணத்து முனி அடிச்சிருச்சு’ என்பார்கள். அங்கே நடப்பதும் பெரும்பாலும் இதே கனத்த காற்றின் வேலைதான். விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்க்கும் பழைய வழக்கம் கரியமில வாயுவுக்கு ஓரளவு பலிக்கும். சாக்கடைத் தொட்டிக்குப் பலிக்காது. அங்கே இருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு, சுடர் நன்றாக எரிந்துகொண்டிருக்கும்போதே ஆளைக் கொன்றுவிடும். விளக்கு எரிகிறது என்று யாரும் இறங்க வேண்டாம். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் சாக்கடைத் தொட்டிக்குள் ஆளை இறக்குவது சட்டப்படியே குற்றம்.

‘அப்படியானால் அந்தக் காலத்துப் பூசாரிகள் விஞ்ஞானிகள்தானே?’ என்று அடுத்த வாட்ஸ்அப் வரும், எனக்குத் தெரியும். இல்லை. அவர்களிடம் இருந்தது கைப்பக்குவம், அதுவும் ஊருக்குச் சொல்லாத கைப்பக்குவம். சொல்லியிருந்தால் யாருக்கும் அது அற்புதமாக இருந்திருக்காது. என் ஓட்டு வேலிக்கு வெளியே நின்ற ஸ்ட்ராபோவுக்கு. பார்த்ததைப் பார்த்தபடி எழுதினார், சொந்தமாகச் சோதனையும் செய்தார். எத்தனை குருவிகள் என்பதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டார்.